கணுக்கால் வீக்கமும் கட்டுப்போடும் முறையும்



மழை பிடித்துவிட்டால் டிஸ்பென்சரிக்கு நொண்டிக்கொண்டு வருகிறவர்கள் தொகை கூடிவிடுகிறது. செம்பனைக் காட்டில் அடுக்கிப் போட்ட ஓலைக்கு அடியில் பள்ளம் இருப்பது தெரியாது. ரப்பர் காட்டிலோ வேர் தடுக்கும். தோளில் காண்டா இருக்கும்போது பாதம் உள்பக்கமாக மடிந்தால், உடம்பின் பாரமும் பால் வாளியின் பாரமும் சேர்ந்து, கணுக்காலின் வெளிப்பக்கத்து நார்களை இழுத்துக் கிழித்துவிடும். இதைத்தான் நாம் சுளுக்கு என்கிறோம். செராஸ் பக்கம் ரப்பர் நின்ற இடமெல்லாம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அங்கே குடியேறிய நம் பிள்ளைகள் அடுக்குமாடிப் படிக்கட்டில் இதே காலை மடக்கிக்கொள்கிறார்கள். இடம் மாறினாலும் வைத்தியம் ஒன்றுதான்.

நார் கிழியும்போது சிறு இரத்தக் குழாய்களும் கிழிகின்றன. இரத்தமும் நீரும் கசிந்து தோலுக்கு அடியில் தேங்குகின்றன. காலைத் தொங்கப்போட்டால் நீர் கீழேயே நிற்கும். நடக்கும்போது கெண்டைச் சதை இறுகி இறுகி, பம்பு அடிப்பதுபோல் இரத்தத்தை மேலே தள்ளும். வலியால் நடக்காதபோது அந்தப் பம்பும் நின்றுபோகிறது. இதனால்தான் காலை உயர்த்தி வைக்கிறோம், வெளியிலிருந்து துணிக்கட்டால் அழுத்தம் கொடுக்கிறோம்.

அடிபட்டவுடன் கோடாலித் தைலம் தேய்த்து, உருவி, தவிட்டு ஒத்தடம் கொடுப்பது நம் வழக்கம். பாட்டி மனசு நோக எழுதுவதாக நினைக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் சூடும் உருவுதலும் கசிவை அதிகமாக்கும். அந்த நாள்களில் அவை வேண்டாம்.

கட்டுப் போடுமுன் ஒரு சோதனை இருக்கிறது. கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்டது. கணுக்காலின் இருபுறமும் புடைத்த எலும்பு இருக்கிறதல்லவா? அதன் பின் ஓரத்தை நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவில் புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்க வளைவின் மேல் எலும்பையும் அழுத்துங்கள். எலும்பிலேயே வலித்தால், அல்லது அடிபட்டபோதும் இப்போதும் நாலு எட்டு வைக்க முடியாமலிருந்தால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வீக்கம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து முறிவைக் கண்டுபிடிக்க முடியாது. இனிப்பு நீரால் காலில் உணர்வு குறைந்தவருக்கும், குடித்திருப்பவருக்கும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். நேராக எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள்.

முறிவில்லை என்று தெரிந்தால் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள கிரேப் பேண்டேஜ் ஒன்று போதும். உட்கார்ந்து பாதத்தை நேர்க்கோணமாக வைத்துக்கொள்ளுங்கள். விரல்களை வெளியே விட்டு, விரல் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே இரண்டு சுற்று. பிறகு ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடும்படி மேலே வாருங்கள். கணுக்காலில் எட்டு எழுத்து போடுவதுபோல் குறுக்கே சுற்றிக் குதிகாலையும் மூடுங்கள். அநேகம் பேர் குதிகாலைத் திறந்து விட்டுவிடுகிறார்கள், பிறகு நீர் அங்கே வந்து பந்துபோல் தள்ளி நிற்கிறது. கெண்டைச் சதை வரை சுற்றி முடியுங்கள். கீழே சற்று இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. தலைகீழாகப் போட்டால் நீர் பாதத்தில் மாட்டிக்கொள்ளும். பேண்டேஜை அது நீளும் அளவில் பாதிவரை இழுத்தால் போதும். மெத்தைப் பஞ்சை லாட வடிவில் வெட்டிப் புடைத்த எலும்பைச் சுற்றி வைத்துக் கட்டினால், எலும்புக்குக் கீழுள்ள குழியிலும் அழுத்தம் படும்.

கட்டி முடித்ததும் கால் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடியில் சிவக்க வேண்டும். விரல் நீலமாகவோ வெளுப்பாகவோ ஆனாலும், சில்லிட்டாலும், மரத்தாலும், வலி ஏறினாலும் உடனே அவிழ்த்துவிடுங்கள். காலையும் மாலையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். தூங்கும்போது கட்டு வேண்டாம். தலையணை இரண்டை அடுக்கிக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டுவது அந்த உயரத்துக்கு வராது.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த வேண்டிய விஷயம். பல வருஷமாக இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும், வெகுகாலம் சிகரெட் பிடித்தவர்களுக்கும் காலுக்கு வரும் இரத்தம் குறைந்திருக்கலாம். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டை இறுகி வலித்து, நின்றால் தணிகிறதா? பாதம் எப்போதும் சில்லென்று இருக்கிறதா? ஆறாத புண் உண்டா? இவர்கள் தாங்களாகக் கட்டுப் போடக்கூடாது. ஆரோக்கியமான காலில் வெறும் தழும்பு விழும் அழுத்தம், இந்தக் காலில் சதையைச் சாகடித்து விரலையே எடுக்க வைக்கும். முதலில் பாத நாடி பார்த்துச் சொல்லட்டும்.

ஐஸ் வைக்கலாமா என்று கேட்பார்கள். ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தல் என்ற நான்கையும் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978-இல் சொன்னார். அவரே 2014-இல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். துணியில் சுற்றி 10, 15 நிமிஷம் வைத்தால் வலி தணியும், அவ்வளவுதான். கட்டுப் போட்டால் நார் சீக்கிரம் கூடும் என்றும் ஆராய்ச்சிகள் உறுதியாகக் காட்டவில்லை. கட்டு வீக்கத்தையும் வலியையும் அடக்கி, நடக்கத் தைரியம் கொடுக்கும். ஆகவே இரண்டு மூன்று நாளில் வலி தாங்கும் அளவுக்குப் பாதத்தை ஊன்றத் தொடங்குங்கள். பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதிப் பழகுங்கள். பிறகு சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது.

எலும்பு முறிந்து தகடு, திருகு வைத்தவர்கள் கதை வேறு. மாவுக்கட்டை வீட்டில் தொடாதீர்கள். கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போய் விரல் மரத்தால் இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவும். காயம் ஆறி, டாக்டர் அனுமதித்த பின்தான் அழுத்தக் காலுறை. அதைக் காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் மாட்ட வேண்டும். மாலை வீக்கம் ஆறு மாதம், ஏன் ஒரு வருஷம்கூட நீடிக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு கெண்டை மட்டும் சூடாகி, வீங்கி, வலித்தால் இரத்தம் உள்ளே உறைந்திருக்கலாம். அந்தக் காலை உருவக்கூடாது. நெஞ்சு வலி, மூச்சிரைப்பு வந்தால் 999. நடைப் பயிற்சிக்குச் செராஸிலேயே சுகாதார அமைச்சின் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சை பார்த்த டாக்டரிடம் கடிதம் கேளுங்கள்.

வேலையிலோ, வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டால் அன்றே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லுங்கள். "வெறும் சுளுக்குத்தானே" என்று விட்டுவிட்டு, பத்து நாள் கழித்து முறிவு என்று தெரிந்தால் நிரூபிப்பது கஷ்டம். முதலாளி தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு குறைந்தது நான்கு நாள் இருந்தால்தான் தற்காலிக ஊன உதவித்தொகை கிடைக்கும். அது சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. விடுப்புச் சீட்டின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதை ஆபீசில் கொடுங்கள்.