முழங்கால் தண்ணீரில் நின்ற ஜீப்புக்கு என்ன செய்ய வேண்டும்

வெள்ளம் வடிந்த மறுநாள் கடலூர்ப் பட்டறைகளில் தவறாமல் காதில் விழும் பேச்சு இது: "என்ஜினுக்குள்ள தண்ணி போகலைங்க, ஒரே சாவியில ஸ்டார்ட் ஆயிடுச்சு." சொல்பவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதே வண்டி தை போய் மாசி பிறக்கும்போது, அறுபதில் போனால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது என்று திரும்ப வரும். பின் ஆக்சில் ஹவுசிங்கைத் திறந்தால் கிரவுன் வீல் பல்லெல்லாம் துருப்புள்ளி, பேரிங் உருளைகளில் அம்மைத் தழும்பு. தண்ணீர் வந்த அன்றே ஆயிலை மாற்றியிருந்தால் அரை நாள் வேலையோடு போயிருக்கும்.

நம் மாவட்டத்துக்கு இது எப்போதோ வரும் கஷ்டம் இல்லை. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாமே எங்கெங்கோ பெய்த மழையைக் கொண்டுவந்து நம் கரையில்தான் கடலில் சேர்க்கின்றன. 2015 நவம்பர், டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க முடியாது. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி திறந்தபோது, தென்பெண்ணை ஓரம் நிறுத்தியிருந்த வண்டிகளை இடம் மாற்றக்கூடப் பலருக்கு நேரம் கிடைக்கவில்லை.

முதலில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று பாருங்கள். கதவில், டயரில் சேற்றுக்கோடு இருக்கும். கழுவுவதற்கு முன் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள், இன்சூரன்ஸுக்கு வேண்டும். 235/70 ஆர் 16 டயர் போட்ட வண்டியில் சக்கரத்தின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 35 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. முழங்காலுக்கும் கீழே. அதாவது உள்ளே கார்பெட்கூட நனையாத வெள்ளத்திலேயே முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டும் முழுகிவிடும். என்ஜின் பிழைத்ததை வைத்து ஆக்சிலுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சாவி போடாதீர்கள். கியரில் போட்டுத் தள்ளாதீர்கள்.

வண்டியைக் கொண்டுபோக வேண்டுமென்றால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் ரெக்கவரி லாரிதான் என் முதல் விருப்பம். சிதம்பரத்தில் நாலாவது வீதி தாண்டித்தான் பட்டறை என்றாலும் கயிறு கட்டி இழுக்கச் சம்மதிக்க மாட்டேன். சக்கரம் உருண்டால் உள்ளே கிரவுனும் உருளும், அடியில் தேங்கிய தண்ணீரை ஆயிலோடு கடைந்து மோராக்கிவிடும். வேறு வழியே இல்லை என்றால் முன்னும் பின்னும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுங்கள். ஆக்சில் பல் அப்போதும் உருளும், கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸுமாவது தப்பிக்கும். கழற்றும்முன் பிளேஞ்சில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். அந்தக் கோடு சேராமல் மாட்டினால், பிறகு வரும் அதிர்வுக்குக் காரணம் தேடியே ஒரு வாரம் போய்விடும்.

இனி ஆயில். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் என்ஜினை விட்டுவிட்டால் பெரும்பாலும் நான்கு இடத்தில் ஆயில் நிற்கிறது: கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் ஆக்சில், முன் ஆக்சில். பின் ஆக்சிலைத் திறப்பவர்களில் பாதிப் பேர் முன் ஆக்சிலை மறந்துவிடுகிறார்கள். நான் ஃபோர் வீல் போடுவதே இல்லை, அதற்கு எதற்கு என்று கேட்பார்கள். ஓடாத ஆக்சிலில்தான் தண்ணீர் ஒரே இடத்தில் நின்று, தொட்ட பல்லில் கோடு போட்டதுபோல் துரு ஏற்றும்.

டிரெயின் பிளக்கில் கை வைக்குமுன் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். வருஷக்கணக்கில் தொடாத ஃபில்லர் பிளக் துருவேறி இறுகியிருக்கும். கீழே ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, மேலே திறக்க வரவில்லை என்று காலி ஆக்சிலோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திறக்காவிட்டால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, சுத்தியலால் தட்டி, ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, சரியான அளவு சாக்கெட்டோடு நீளக் கைப்பிடி போடுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வேண்டாம், பிளக் தலையை உருட்டிவிடும்.

ஃபில்லர் திறந்த பிறகு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, டிரெயின் பிளக்குக்கு நேர் கீழே பிடியுங்கள். பிளக்கை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று புரி மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிட கனம். ஓடாமல் நின்ற வண்டியில் அது அடியில்தான் இருக்கும், முதலில் அதுதான் வரும். சில சமயம் செம்மண் கலரில் ஒரு டம்ளர் அளவு வந்துவிட்டு, பிறகு கறுப்பாக ஆயில் இழையும். அப்படி வந்தால் சந்தோஷப்படுங்கள், இன்னும் கலக்கவில்லை என்று பொருள். முதல் சொட்டிலிருந்தே பால் ஊற்றிய டீ மாதிரி வந்தால், யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அந்த ஆயிலை ராத்திரி முழுக்க பாட்டிலில் வைத்தாலும் பெரும்பாலும் பிரியாது. ஆகவே, தண்ணீர் தானாக அடியில் தங்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சில வண்டிகளின் ஆக்சிலில் டிரெயின் பிளக்கே கிடையாது, பின்பக்கக் கவரின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். அது ஒரு வகையில் நல்லதுதான், பல்லைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

பிளக்கை முழுதாகக் கழற்றியதும் அதன் காந்தத்தையும் பாருங்கள். மை மாதிரி சாம்பல் பசை இயல்பு. நகம் அளவு சில்லு ஒட்டியிருந்தால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஆயில் இறங்கிவிட்டது, முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆக்சிலின் இரண்டு பக்கக் குழாய்களிலும் தண்ணீரும் வண்டலும் தங்கியிருக்கும். கெடிலத்து வண்டல் மாவு மாதிரி நைஸாக இருக்கும், தானாக நடுவுக்கு வராது. பிளக்கைத் திறந்தே வைத்துவிட்டு, இடது பக்கத்தை மட்டும் ஜாக்கியில் நன்றாக உயர்த்திக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு வலது பக்கம். ஓய்ந்துவிட்டது என்று நினைத்த பிளக்கிலிருந்து மறுபடி சொட்டும். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

இனி அலசல். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஓட்டுவது பழைய பழக்கம். நான் அனுமதிப்பதில்லை. டீசலுக்கு அந்தப் பற்களைப் பிரித்துவைக்கும் வழுக்கல் கிடையாது, பத்து நிமிஷத்தில் பல்லும் பல்லும் நேருக்கு நேர் உரசும். அதே கிரேடில் விலை குறைந்த புது ஆயிலை ஊற்றுங்கள். வண்டியைச் சமதரையில், நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஸ்டாண்டில் ஏற்றி, பேட்டரியைத் திரும்ப மாட்டி, முதல் கியரில் பத்து நிமிஷம் சுற்றவிடுங்கள். ஃபோர் வீல் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஒரே ஒரு சக்கரம் தரையைத் தொட்டாலும் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும். பின்னால் லாக்கிங் டிஃபரன்ஷியல் வைத்த தார் மாதிரி வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்டாண்ட் வசதி இல்லையா, ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு வாருங்கள். சூடு இருக்கும்போதே இறக்குங்கள். பால் நிறம் போகும்வரை திரும்ப ஊற்றி இறக்குங்கள். நல்ல தண்ணீருக்கு இரண்டு தடவை போதும்.

கிள்ளை, பிச்சாவரம், பரங்கிப்பேட்டை, தாழங்குடா பக்கம் மாட்டிய வண்டி என்றால் மூன்று தடவைக்குக் குறையக் கூடாது. முகத்துவாரத்தில் உப்பு கலந்த தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அந்த உப்பு காய்ந்து பேரிங்குக்குள் தங்கிவிட்டால் ஆயிலுக்கு அடியிலும் துரு தின்னும். வண்டியின் அடிப்பாகத்தை அன்றைக்கே போர் தண்ணீரில் கழுவுங்கள். அந்தக் குழாயை ஆயில் சீல் மேலும், ஆக்சிலின் காற்றுவழியான பிரீதர் மேலும் நேராகப் பீய்ச்சாதீர்கள்.

கடைசியாக ஊற்றும் ஆயிலில் சிக்கனம் பார்க்காதீர்கள், கிரேடையும் மாற்றாதீர்கள். பெரும்பாலான ஆக்சிலுக்கு ஜிஎல் 5. கியர் பாக்ஸுக்கு வண்டிப் புத்தகம் ஜிஎல் 4 என்று சொன்னால் ஜிஎல் 4 மட்டும்தான். கையில் மீந்திருக்கிறதே என்று ஆக்சில் ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றினால் உள்ளே இருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அது பதம் பார்க்கலாம். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் தண்ணீர் போயிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேராக நிறுவனப் பட்டறைக்குப் போங்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த ஐப்பசியில் இதே வேலைதான். ஆக்சில் மேலே விரல் நுனி அளவில் ஒரு பிரீதர் இருக்கும், உள்ளே விரியும் காற்று வெளியே போக வழி. சூடான ஆக்சிலோடு தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். காற்றை இழுக்க வழி வேண்டும். பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால், ஆயில் சீலின் உதட்டு வழியாகத் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். பிரீதர் திறந்திருந்து முழுகினாலும் அதன் வழியாகவே போகும். இரண்டுக்கும் ஒரே மருந்து: பிரீதரைக் கழற்றி, அந்த இடத்தில் ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் மாட்டி, என்ஜின் அறையின் மேல்மட்டம் வரை ஏற்றிவிடுங்கள். வழியில் எங்கும் தொங்கிப் பள்ளம் விழக் கூடாது. ஆக்சில் மேலும் கீழும் ஆடும் அளவுக்குத் தளர்வு விடுங்கள். தோட்டத்து ஹோஸ் சூட்டில் இளகிவிடும், வேண்டாம்.

மற்றதெல்லாம் சுருக்கமானது. ஷாஃப்ட் கிராஸ்களில் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் நான்கு பக்கமும் பிதுங்கி, புதுசு தெரியும்வரை கிரீஸ் கன்னால் அடியுங்கள். வீல் பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள். லாக்கிங் ஹப் இருந்தால் அதையும். பிரேக் டிரம்மைத் திறந்து வண்டலை வழித்து எடுங்கள். கிளட்ச் தட்டு பிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால், பெடலை அழுத்திய நிலையில் கட்டையால் முட்டுக் கொடுத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையிலும் விடாவிட்டால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். பட்டன் அழுத்தி ஃபோர் வீல் போடும் வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரின் கனெக்டரைப் பிரித்துக் காயவைத்து, பச்சை படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள்.

ஜீப்பைவிட ஃபோர் வீல் டிராக்டர்தான் நம் ஊரில் அதிகம். அதற்கும் இதேதான், இரண்டு வித்தியாசம். முன் ஆக்சிலில் நடுவில் ஒரு ஆயில் இருப்பதோடு, பல மாடல்களில் இரண்டு சக்கர ஹப்பிலும் தனித்தனி ஆயில் உண்டு, ஹப் பிளக்கையும் திறக்க வேண்டும். பின்னால் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் பல மாடல்களில் ஒரே ஆயில். அது பால் நிறமானால் ஏர் தூக்குவதே நின்றுபோகும்.

இறக்கிய ஆயிலை வாய்க்காலில் விடாதீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஃபோர் வீல் சோதனையைத் தார் ரோட்டில் செய்ய வேண்டாம், ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். ஈரமண்ணில் போட்டு நேராக நூறு அடி போங்கள், பின்னால் வாருங்கள். சத்தம் இல்லையா, ஓட்டலாம். 500 கிலோமீட்டர் கழித்து நான்கு இடத்திலும் கொஞ்சம் ஆயிலை பாட்டிலில் பிடித்து, காலைவரை வைத்து, மொட்டை மாடி வெளிச்சத்தில் பாருங்கள். பால் நிறம் தெரிந்தாலும், அடியில் மணி மாதிரி ஒரு தண்ணீர்ச் சொட்டு உருண்டு கிடந்தாலும் அந்த இடத்து ஆயிலை மட்டும் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள்.