நண்பரோடு சேர்ந்து நாவல் எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் நிலைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ‘சுபா’ என்ற பெயரே பதில். சென்னை விவேகானந்தா கல்லூரியில் நண்பர்களான சுரேஷும் பாலகிருஷ்ணனும் நரேந்திரன் – வைஜயந்தி துப்பறியும் நாவல்களை அந்த ஒரே பெயரில் எழுதினார்கள். பிறகு இயக்குநர் கே.வி. ஆனந்தின் ‘அயன்’, ‘கோ’ படங்களிலும் அதே ஜோடியாகப் பணியாற்றினார்கள்.

எல்லா ஜோடிக்கும் இது வாய்ப்பதில்லை. கதை தீர்ந்துபோய் நின்ற கூட்டு நாவல்களைவிட, ‘இதில் யார் சொல்வது முடிவு?’ என்று பேசிவைக்காமல் நின்றவைதான் அதிகம் என்பது என் எண்ணம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

புரிவதற்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியைக் களமாக வைத்து இரு நண்பர்கள் நாவல் எழுதுகிறார்கள். ஒருவர் டைல்ஸ் பட்டறைக் குடும்பத்தவர். மற்றவர் பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார் வீட்டில் வளர்ந்தவர்.

படி 1: சிறுகதையில் சோதியுங்கள்

நல்ல நண்பர் நல்ல கூட்டாளியாக இருக்கவேண்டும் என்றில்லை. முதலில் ஒரு சிறுகதையைச் சேர்ந்து எழுதுங்கள். அவர் எழுதிய பத்தியை நீங்கள் அடித்துத் திருத்துங்கள். உங்களுடையதை அவர் திருத்தட்டும். அதன் பிறகும் இருவரும் சிரித்துப் பேச முடிந்தால் நாவலுக்கு வாருங்கள். முடியாவிட்டால் நட்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

படி 2: வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பொதுவாக இதற்கு மூன்று வழிகள் உண்டு.

• உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவது: ‘பன்னிரண்டு நாற்காலிகள்’ (1928) எழுதிய ரஷ்ய ஜோடி இல்ஃப் – பெத்ரோவ் இப்படித்தான். ஒரே சொல் இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றினால், அது எவருக்கும் தோன்றக்கூடியது என்று ஒதுக்கிவிடுவார்களாம். தரம் கூடும், நேரம் கரையும்.

• ஒருவர் கதைப்பின்னல், ஒருவர் எழுத்து: ‘எல்லரி குவீன்’ என்ற பெயரில் துப்பறியும் நாவல்கள் எழுதிய அமெரிக்கர்கள் டானேயும் லீயும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். டானே பின்னுவார், லீ எழுதுவார். கடிதங்களில் கடுமையாகச் சண்டை போட்டார்கள், நாவல்களும் வந்துகொண்டிருந்தன.

• அத்தியாயம் மாற்றி அத்தியாயம்: தொலைவில் இருப்பவர்களுக்கு வசதி. ஆனால் நடை இரண்டாகப் பிளந்து தெரியும் ஆபத்து இதில்தான் அதிகம்.

எந்த வழியானாலும், யாருக்கு எது தெரியுமோ அதில் அவர் சொல்வதே முடிவு என்று வையுங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயக் கலவை ஊற்றுவதையும், பிறகு அந்த டைல்ஸ் தண்ணீர்த் தொட்டியில் ஊறுவதையும் பட்டறைக்காரர் சொன்னபடி எழுதுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டுக்குள் யார் எதுவரை வரலாம் என்பது மற்றவரின் பொறுப்பு.

படி 3: பொதுக் குறிப்பேடு தொடங்குங்கள்

முதல் வரிக்கு முன்பே இது தயாராக வேண்டும். அதில் இருக்கவேண்டியவை:

• பாத்திரங்களின் வயது, உறவுமுறை, பேச்சு. ஓர் அத்தியாயத்தில் ‘அப்பச்சி’ என்று கூப்பிடும் மகன் அடுத்ததில் ‘அப்பா’ என்றால் வாசகர் விழிப்பார்.
• காலவரிசை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது கதையில் யார் ரங்கூனில், யார் ஊரில்?
• தொழில் சொற்கள். லேவாதேவிக் கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலை உண்டு; ஆளை மாற்றி எழுதினால் கதையே மாறும்.

குறிப்பேட்டில் உள்ளதை மாற்ற இருவரின் சம்மதமும் வேண்டும்.

படி 4: சண்டைக்கு விதி வையுங்கள்

சண்டை வரும், வராவிட்டால் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒரே பாத்திரத்தை ஒருவர் சாகடிக்க நினைப்பார், இன்னொருவர் காப்பாற்ற நினைப்பார். அப்போது இரண்டு வடிவத்தையும் முழுதாக எழுதிப் படித்துப் பாருங்கள். வாயால் வாதாடும்போது பேச்சுத் திறமை ஜெயிக்கும். எழுதிப் பார்த்தால் கதை ஜெயிக்கும். அப்படியும் தீராவிட்டால் அந்த அத்தியாயத்துக்குப் பொறுப்பாளர் என்று முன்பே பேசிவைத்தவர் சொல்வதே முடிவு. ‘போன தடவை உனக்கு விட்டுக்கொடுத்தேன்’ என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

படி 5: குரலை ஒன்றாக்குங்கள்

முதல் வரைவு முடிந்ததும் முழு நாவலையும் ஒருவரே ஒரே மூச்சில் திருத்தட்டும். பிறகு மற்றவர் உரக்கப் படிக்கட்டும். நாக்கு இடறும் இடத்தில்தான் ஒட்டு தெரியும். இந்தக் கட்டத்தில் இருவருக்குமே பிடித்த சில வரிகள் போகும். யார் எழுதியது என்று பார்க்காமல் வெட்டப் பழகுங்கள்.

படி 6: பெயரும் பணமும்

இதை நாவல் முடிந்தபின் பேசினால் கசக்கும். தொடங்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அட்டையில் யார் பெயர் முதலில், ராயல்டி எப்படிப் பங்கு, பாதியில் ஒருவர் விலகினால் எழுதியவை யாருக்கு, சினிமாவுக்குக் கேட்டால் யார் பேசுவது?

இருவரின் பங்கையும் தனித்தனியே பிரிக்க முடியாதபடி உருவான படைப்பை, 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கூட்டுப் படைப்பு என்கிறது. பதிப்பகத்துக்கு உரிமை மாற்றித் தரும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். உங்கள் பதிப்புரிமையோ, இருவரில் கடைசியாக இறப்பவருக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். அத்தனை காலமும் இந்த நாவலைப் பற்றி முடிவெடுக்கப்போவது உங்கள் பிள்ளைகளும் நண்பரின் பிள்ளைகளும்தான். அவர்களுக்குள் நட்பு இருக்குமென்று நீங்கள் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே அந்த ஒரு பக்கத்தை, உங்கள் இருவரையும் அறியாதவர்கள் படித்தாலும் விளங்கும்படி எழுதுங்கள்.