சீலிங்கைக் கழற்றிய பின்

கேள்வி: அலவத்துகொடவிலுள்ள பழைய வீட்டில் தொங்கு சீலிங்கைக் கழற்றிய பின், கூரையையும் விளக்குகளையும் எப்படி அழகுபடுத்தலாம்?

பதில்: அலங்காரம் கூரையின் வகையைப் பொறுத்தது. ஓட்டுக் கூரையானால் மரச்சட்டங்களே அழகு. கண்டிக்கு அருகிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தின் மண்டபத்தில் 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் கூடி நிற்பது வெளிப்படையாகத் தெரியும். அது அம்மண்டபத்தின் சிறப்புகளில் ஒன்று. வீட்டிலும் கறையான் அரித்த மரங்களை மாற்றி, மீதியைத் தேய்த்து வார்னிஷ் பூசலாம். வெயிலின் சூட்டைக் குறைக்க ஓட்டின் கீழ் வெப்பத்தடுப்புத் தாள் விரிப்பது அவசியம்.

அஸ்பெஸ்டஸ் தகடானால் தேய்க்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். கொங்கிரீட் தளமானால் ஆணித்துளைகளைப் புட்டியால் அடைத்து வெள்ளை பூசினால் அறை உயர்ந்து தோன்றும்.

வெளியே தெரியும் வயர்களைக் குழாய்க்குள் செலுத்தி, வளையோரமாகக் கொண்டுசெல்ல வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு மேல் இரண்டரை முதல் மூன்றடி உயரத்தில் தொங்குவிளக்கு பொருந்தும். மரத்தின் நிறத்தை 2700 முதல் 3000 கெல்வின் வரையான இளமஞ்சள் ஒளி எடுத்துக்காட்டும். மின்விசிறி இறக்கைகளுக்கு மேலே விளக்கு வைத்தால் வெளிச்சம் துடிக்கும். தொங்குவிளக்கின் பாரத்தைக் கொக்கியே தாங்க வேண்டும், வயர் அல்ல.