அதிரசமும் வெல்லப் பாகும்

நுழையும் முன்

டோனட் என்னும் மேலைநாட்டு இனிப்பு இன்று திருப்பதி, சித்தூர் நகரங்களின் பேக்கரிகளிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வீற்றிருக்கிறது. நடுவே ஒரு துளை; மேலே மினுமினுக்கும் பாகு. மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிய பாகை அதன்மேல் பூசுவது வட அமெரிக்க வழக்கம். மாவும் பாகும் சேரும் இக்கலை நம் அடுப்படிக்கும் புதியதன்று. அரிசி மாவையும் வெல்லப் பாகையும் சேர்த்துச் செய்யும் அதிரசத்தைப் பற்றியது இப்பாடம்.

எல்லையோர அடுப்படி

சித்தூர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் அடுத்தடுத்து ஒலிக்கும் பகுதி. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் உருவானபோது, அதன் பெரும்பகுதி வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நிலைத்தன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்தாலும், அடுப்பங்கரையின் வழக்கங்கள் அத்தனை எளிதில் இடம்பெயரவில்லை.

தமிழ் பேசும் வீடுகளில் தீபாவளி நோன்புக்கு அதிரசம் இன்றியமையாதது. தெலுங்கு பேசும் வீடுகளில் அதே பணியாரம் சங்கராந்திக்கு 'அரிசெலு' என்னும் பெயரோடு வருகிறது. மேலே எள் தூவப்பட்டிருக்கும். கன்னட வீடுகளில் அதன் பெயர் 'கஜ்ஜாயம்'. ஒரே தெருவில் மூன்று பெயர்கள். அண்டை வீட்டாருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கும்போது, தங்கள் வீட்டுப் பெயரே சரியான பெயர் என்று பிள்ளைகள் வழக்காடுவதும் உண்டு.

கல்வெட்டில் பணியாரம்

திருப்பதி என்றவுடன் இன்று எவர் நாவிலும் ஊறுவது லட்டு. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டு கடலை மாவாலும் சர்க்கரையாலும் ஆனது. ஆனால் திருமலை, திருப்பதிக் கோயில்களின் சுவர்களைப் படித்தவர்க்கு வேறொரு பட்டியல் தெரியும். அங்குள்ள கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தேவஸ்தானம் 1930களில் அவற்றைத் தொகுதிகளாக அச்சிடத் தொடங்கியது. விஜயநகர ஆட்சிக் காலத்துக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, இட்டலிப்படி என்னும் சொற்களை மீண்டும் மீண்டும் காணலாம். 'படி' என்பது இறைவனுக்கு அளந்து படைக்கும் அமுது.

இக்கல்வெட்டுகள் வெறும் பெயரோடு நிற்பதில்லை. எத்தனை மரக்கால் அரிசி, எத்தனை நாழி நெய், எத்தனை பலம் சர்க்கரை என்று கணக்காகச் சொல்கின்றன. படைத்த பணியாரத்தில் ஒரு பங்கு, பொதுவாக நான்கில் ஒன்று, அறக்கட்டளை ஏற்படுத்தியவருக்கு உரியது. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். ஓர் ஊர்க் கோயில் மடைப்பள்ளியின் வரவுசெலவுக் கணக்கு கல்லில் நின்று நிலைத்திருப்பது வியப்பன்றோ! அரசர்களின் போர்களைச் சொல்லும் மெய்க்கீர்த்திகளைவிட, மக்கள் என்ன உண்டார்கள் என்பதைச் சொல்லும் இவ்வரிகள் சில வேளைகளில் நமக்கு நெருக்கமாக உள்ளன.

இங்கு ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். இன்று 'சர்க்கரை' என்றால் வெள்ளைச் சீனியே பலருக்கு நினைவில் எழும். பழந்தமிழ் வழக்கில் அச்சொல் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்த வெல்லத்தையும் குறித்தது. சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் இடுவதே அதற்குச் சான்று. பெயர் மாறவில்லை, பொருள்தான் வேறிடம் போய்விட்டது.

ஆலையிலிருந்து அடுப்புக்கு

சித்தூர் வட்டாரம் கரும்புக்கும் வெல்லத்துக்கும் பேர்பெற்றது. கரும்பை ஆலையிலிட்டுப் பிழிந்த சாறு, அகன்ற இரும்புக் கொப்பரையில் காய்ச்சப்படுகிறது. பிழிந்து காய்ந்த சக்கையே அடுப்புக்கு எரிபொருள். சாற்றின் புளிப்பை மாற்றச் சிறிது சுண்ணாம்பு சேர்ப்பர். வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி எடுத்த வழவழப்பான சாற்றை ஊற்றினால் அழுக்கு நுரையோடு மேலெழும். அதை அரித்து எடுத்துவிடுவர். பின்னர், சாறு பொன்னிறமாகத் திரண்டு குமிழியிடும் வரை துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கிலோ வெல்லத்துக்கு ஏறத்தாழ 10 கிலோ கரும்பு வேண்டும்.

வெல்லத்தின் இயல்பான நிறம் பழுப்பு. எனினும் சந்தையில் மஞ்சள் நிறமான வெளிர் வெல்லத்துக்கே கூடுதல் விலை கிடைப்பதால், சிலர் கொதிக்கும் சாற்றில் 'ஹைட்ரோஸ்' எனப்படும் வெளுக்கும் வேதிப்பொருளை அளவுக்கு மீறிக் கலக்கின்றனர். அதன் கந்தக எச்சம் வெல்லத்தில் தங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்க்கு அது கேடு செய்யக்கூடியது. இதில் உழவரை மட்டும் குறைகூறுவது முறையன்று. கண்ணைப் பறிக்கும் நிறத்தைத் தேடிப் போகும் வாங்குவோரும் இவ்வழக்கத்துக்குப் பொறுப்பாளிகளே. கருத்த வெல்லத்தைக் கொண்டுவந்த உழவர் குறைந்த விலையோடு வீடு திரும்பும் வரையில் வெளுக்கும் வேலை நிற்காது.

அதிரசத்துக்கென்றே கடைகளில் 'பாகு வெல்லம்' என்று கேட்டு வாங்குவர். எல்லா வெல்லமும் பாகுக்கு இசைவதில்லை. மண்ணும் உப்புச் சுவையும் மிக்க வெல்லத்தில் பாகு திரளாமல் நீர்த்துப்போகும்.

பாகின் பதம்

அதிரசத்தின் வெற்றியும் தோல்வியும் பாகில்தான் உள்ளது. அரிசி, வெல்லம், நெய் எல்லாம் கைக்காசு கொடுத்து வாங்கியவை; பாகு ஒரு நிமிடம் பிசகினால் அத்தனையும் வீண். ஆதலால்தான் நோன்பு நாளுக்கு முந்தைய வாரத்தில் அடுப்படியில் பாட்டி நின்றால் வீடே அடங்கியிருக்கும்.

வெல்லத்தைப் பொடித்து, மூழ்கும் அளவுக்கும் குறைவாகவே நீர் விட்டுக் கரைத்து, மண் நீங்க வடிகட்டிய பின் மீண்டும் அடுப்பில் ஏற்ற வேண்டும். தனி நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். சர்க்கரை கரைந்த நீர் அதைவிட உயர்ந்த வெப்பத்தில்தான் கொதிக்கும். நீர் ஆவியாகப் போகப் போகச் சர்க்கரையின் செறிவு கூடுகிறது. கொதிநிலையும் படிப்படியாக ஏறுகிறது. ஆகவே பாகின் வெப்பநிலையை அறிந்தால், அதில் எவ்வளவு நீர் எஞ்சியுள்ளது என்பதையும் அறியலாம். நம் முன்னோரிடம் வெப்பமானி இல்லை. ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் இருந்தது.

அக்கிண்ணத்து நீரில் ஒரு சொட்டுப் பாகை விடுவர். அது கரைந்து ஓடினால் பதம் வரவில்லை. இரு விரல்களிடையே தொட்டு இழுக்கும்போது நூல்போல் நீண்டால் கம்பிப் பதம். பாதுஷாவை ஊறவைக்கும் பாகுக்கு அது போதும். நீருக்குள் கரையாமல் படிந்து, விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாக வந்தால் அதுவே அதிரசப் பதம். ஏறத்தாழ 115 டிகிரியில் இந்நிலை வரும். அப்போது பாகில் நூற்றுக்கு 85 பங்கு சர்க்கரையே இருக்கும். இன்னும் காய்ச்சினால் உருண்டை இறுகும். மேலும் காய்ச்சினால், நீரில் இட்ட பாகை எடுத்துத் தட்டில் போடும்போது 'டங்' என்று ஒலிக்கும். அது கடலை மிட்டாய்க்கு உரிய பதம். அதிரசத்துக்கு அப்பதம் வந்துவிட்டால் பல்லுக்கே சோதனை.

மெத்தென்ற உருண்டைக்கும் இறுகிய உருண்டைக்கும் இடையில் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. கொதிக்கும் பாகு நீரைவிடச் சூடானது. தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். எனவே பெரியவர் துணையின்றி மாணவர் இதனைச் செய்தல் கூடாது.

மாவும் எண்ணெயும்

ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பல வீடுகளில் வழங்கும் அளவு. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் பரப்ப வேண்டும். முழுதும் உலர்ந்துவிடக் கூடாது. கையில் அள்ளினால் ஈரம் உணர வேண்டும், ஆனால் விரலில் நீர் ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தோடே இடித்துச் சலித்த மாவு, உள்ளங்கையில் பிடித்தால் பிடியாக நிற்கும். கடையில் வாங்கும் உலர்ந்த அரிசி மாவில் அதிரசம் சரிவர அமையாததற்குக் காரணம் இந்த ஈரம் இல்லாமையே.

பதம் வந்தவுடன் பாகை இறக்கி, ஏலக்காய்ப் பொடியும் சுக்குப் பொடியும் தூவி, மாவைச் சிறிது சிறிதாகக் கொட்டிக் கிளற வேண்டும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். ஆறும்போது அது தானாகவே இறுகும். மேலே நெய் தடவி, மூடி, ஒரு நாளேனும் வைத்திருப்பர். அந்த ஓய்வில் பாகு ஒவ்வொரு மாவுத் துகளுக்குள்ளும் ஊறிச் சமமாகப் பரவுகிறது. அன்றே சுட்ட அதிரசத்துக்கும் மூன்றாம் நாள் சுட்ட அதிரசத்துக்கும் உள்ள வேறுபாட்டை உண்டவரே அறிவர்.

பின்னர் நெய் தடவிய வாழையிலையில் உருண்டையை வைத்து வட்டமாகத் தட்டி, சில வீடுகளில் நடுவே விரலால் துளையிட்டு, மிதமான சூட்டில் ஒவ்வொன்றாகப் பொரிப்பர். துளை அழகுக்காக மட்டும் அன்று. ஓரம் கருகுமுன் நடுப்பகுதியும் வேக அது உதவுகிறது. தீ மிகுந்தால் வெல்லம் விரைவில் கருகிவிடும். எடுத்தவுடன் இரு தட்டைக் கரண்டிகளுக்கிடையே வைத்து அழுத்தி எண்ணெயை வடிப்பர்.

எண்ணெயில் இட்ட அதிரசம் பிரிந்து கரைந்தால் பாகு இளம்பதம் என்று பொருள். மாவில் சிறிது அரிசி மாவைச் சேர்த்துப் பிசையலாம். கல்லாக இறுகியிருந்தால் சிறிது சூடான பால் தெளித்துப் பிசைவர். முதல் அதிரசம் சோதனைக்கே உரியது. அது பெரும்பாலும் அடுப்பருகில் காத்திருக்கும் பிள்ளையின் கைக்குப் போய்விடும்.

மரத்துப் பாகு

வட அமெரிக்காவில் குளிர்காலம் முடியும் வேளையில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் நாட்களில், மேப்பிள் மரத்தில் சாறு ஓடுகிறது. அதைக் காய்ச்சும் கலையை ஐரோப்பியர் வருமுன்பே அங்குள்ள தொல்குடி மக்கள் அறிந்திருந்தனர். இன்று உலகின் மேப்பிள் பாகில் பெரும்பங்கு கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து வருகிறது. கரும்புச் சாற்றோடு ஒப்பிட அந்தச் சாறு மிக நீர்த்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கே சர்க்கரை. ஆகவே ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டும். ஏறத்தாழ 104 டிகிரியில், அதாவது நீரின் கொதிநிலைக்கு 4 டிகிரி மேலே, நிறுத்திவிடுவர். அப்போது சர்க்கரை மூன்றில் இரண்டு பங்கு. எஞ்சிய நீரால் அது திரவமாகவே நிற்கிறது. டோனட்டின் மேல் பூச ஏற்றதாகவும் உள்ளது.

டோனட்டுக்கு உருவம் தருவது கோதுமை மாவின் பசைத்தன்மை. நொதிக்கும் ஈஸ்ட் அல்லது பேக்கிங் பவுடர் எழுப்பும் வாயு அதை உப்பச் செய்கிறது. அரிசி மாவில் அப்பசைத்தன்மை இல்லை. அதிரசத்தைச் சிதறாமல் பிடித்து வைப்பது பாகே. டோனட்டுக்குப் பாகு மேலாடை. அதிரசத்துக்கோ அது எலும்பு.

வீட்டில் அடுமனைப் பெட்டி உள்ளவர்கள், எண்ணெயில் பொரிக்காமல், வளைய அச்சில் கோதுமை மாவுக் கலவையை ஊற்றி 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வேகவைத்து டோனட் செய்யலாம். தொலைதூரத்திலிருந்து வரும் மேப்பிள் பாகுக்கு விலை மிகுதி. சித்தூர் வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, கம்பிப் பதம் வருமுன் இறக்கிச் சிறிது வெண்ணெய் சேர்த்தால் மேலே பூசும் பாகு கிடைத்துவிடும். மேப்பிளின் மணம் அதில் இராது; கரும்பின் மணம் இருக்கும்.

சொற்பொருள்

கொப்பரை – அகன்ற வாயுடைய பெரிய பாத்திரம்
பதம் – பக்குவம், ஏற்ற நிலை
மடைப்பள்ளி – கோயில் சமையற்கூடம்
மரக்கால், நாழி – பழைய முகத்தலளவைகள்
பலம் – பழைய நிறுத்தலளவை

பயிற்சி

1. 'விட்டவன் விழுக்காடு' என்றால் என்ன? இரண்டு வரிகளில் எழுதுக.
2. வெப்பமானி இன்றிப் பாகின் பதத்தை அறியும் முறையை விளக்குக.
3. கடலை மிட்டாய், பாதுஷா, அதிரசம் – இவற்றைப் பாகின் பதம் ஏறும் வரிசையில் எழுதுக.
4. 'டோனட்டுக்குப் பாகு மேலாடை. அதிரசத்துக்கோ அது எலும்பு' – இத்தொடரின் பொருளை உம் சொற்களில் எழுதுக.
5. உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அதிரசம் செய்யும் பெரியவரிடம் அரிசி, வெல்லம் ஆகியவற்றின் அளவைக் கேட்டறிக. பாடத்தில் உள்ள அளவிலிருந்து அது மாறுபட்டால், அவர் கூறும் காரணத்தையும் குறித்து வருக.