முள் எப்போது ஏறுகிறது?

பழைய கார் 'ஹீட் ஆகுது' என்று பட்டறைக்குக் கொண்டுபோனால் வழக்கமான ஒரு வரிசை உண்டு. முதலில் கூலன்ட் மாற்றுவார்கள். அடுத்த வாரம் தெர்மோஸ்டாட். அப்புறம் வாட்டர் பம்ப், ரேடியேட்டர். கடைசியில், "ஹெட்டைப் பிரிச்சுப் பாத்துடலாம் சார்." நடுவில் எங்காவது நிஜமான கோளாறும் மாட்டிக்கொள்ளும்; அதற்குள் வண்டி விற்கிற விலையில் பாதி செலவாகியிருக்கும். பாகங்களை மாற்றி மாற்றிக் கோளாறைத் தேடுவதைவிட, ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிட்டுப் பட்டறைக்குப் போவது மலிவு. டெம்பரேச்சர் முள் எப்போது ஏறுகிறது?

மாருதி 800-ஐ வைத்துச் சொல்கிறேன். 1983 முதல் 2014 வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட், ரேடியேட்டருக்கு மின்சார ஃபேன். அதே காலத்து ஜென், சான்ட்ரோ, மட்டிஸ் எதற்கும் இந்த முறை பெரும்பாலும் பொருந்தும். அம்பாசடர்க்காரர்களுக்கு ஃபேன் எஞ்சினோடேயே சுற்றுவதால் மின்சாரத் தொல்லை மட்டும் இல்லை.

ஒரு வாரம் கவனியுங்கள்

சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் குறை காற்றில்: ஃபேனைப் பாருங்கள். ஊருக்குள் சாதுவாக இருந்துவிட்டு, பைபாஸில் 80-ல் கொஞ்ச நேரம் போனதும் ஏறினால் குறை தண்ணீர் ஓட்டத்தில்: ரேடியேட்டர் அடைப்பு, ஹோஸ், பம்ப். காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களிலேயே கிடுகிடுவென ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கட். மலையில் மட்டும் ஏறினால் தனிக் கதை, பிறகு வருகிறேன்.

முள்ளே பொய் சொல்வதும் உண்டு. ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் சந்தேகம் எர்த் வயர் மேல்தான் விழ வேண்டும். தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் கீழேயே கிடக்கலாம்.

எஞ்சின் ஆறிய பிறகு மூடி

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. துணி போட்டுத் திறக்கலாம் என்பார்கள், கேட்காதீர்கள். இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் திறங்கள். தண்ணீர் மூடியின் கழுத்துவரை நிற்க வேண்டும். பக்கத்து பாட்டில் நிறைந்திருந்து ரேடியேட்டர் மட்டும் குறைந்திருந்தால், ஆறும்போது பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க முடியவில்லை என்று பொருள். மூடியின் ரப்பர் போயிருக்கும், அல்லது பாட்டிலுக்குப் போகும் சின்னக் குழாய் விரிசல் விட்டிருக்கும்.

இந்த மூடியை யாரும் மதிப்பதில்லை. ஆனால் குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் இது செய்கிறது. 0.9 என்று எழுதிய மூடி சரியாகப் பிடித்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரிவரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தால் 100-லேயே கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 92, 93 போதும். மலையில் மட்டும் 'பொங்குகிற' வண்டிகளில் கணிசமானவை மூடி மாற்றியதும் சரியாகிவிடும். வண்டிக்கு உரிய அழுத்த எண் போட்டதையே வாங்குங்கள். கழுத்தில் உட்கார்ந்தால் போதும் என்று எதையாவது போடக் கூடாது.

ஃபேன்

வண்டியை நிழலில் நிறுத்தி, ஏசி போடாமல் ஐடிலில் ஓடவிடுங்கள். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறும்போது ஃபேன் தானாக ஓட வேண்டும். ஓடவில்லையென்றால், கார்புரேட்டர் காலத்து வண்டியில் தெர்மோ சுவிட்சின் இரண்டு வயரைக் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச்தான் போயிருக்கிறது. அப்போதும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் போங்கள். கம்ப்யூட்டர் வந்த வண்டிகளில் இந்த வயர் வேலை வேண்டாம், எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும் என்பதால் விரலும் துப்பட்டாவும் தள்ளியே இருக்கட்டும்.

ஓடுகிற ஃபேன் எல்லாம் நல்ல ஃபேன் இல்லை. மோட்டாரைப் பழுது பார்த்தவர் வயரை மாற்றிக் கொடுத்திருந்தால் இறக்கை எதிர்ப்பக்கம் சுற்றும். கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். உள்ளே இழுக்க வேண்டும். இறக்கையைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் ஏதோ ஒரு வேலைக்குக் கழற்றி, பட்டறை மூலையிலேயே விட்டிருப்பார்கள். கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், பக்கவாட்டுக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். ஏசி வண்டியில் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சியும் சருகும் சேறும் அப்பியிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து மிதமான வேகத்தில் தண்ணீர் அடித்தால் வரும். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் தகடுகள் மடங்கும்.

தண்ணீர் ஓட்டம்

எஞ்சின் நன்றாகச் சூடானதும் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மேலே கொதித்து, கீழே ஜில்லென்றிருந்தால் தண்ணீர் சுற்றவில்லை. அகச்சிவப்பு தெர்மாமீட்டர் இருந்தால் ரேடியேட்டர் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். நடுவில் குளிர்ந்த திட்டு இருந்தால் அங்கே அடைப்பு. ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் இது சர்வ சாதாரணம். உப்பும் சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து குழாயை மூடிவிடும். பித்தளை ரேடியேட்டரைத் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினிய ரேடியேட்டர் அப்படி அடைத்திருந்தால் புதிது வாங்குவதே மேல்.

இன்னொருவரை ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொல்லிவிட்டு கீழ் ஹோஸைக் கவனியுங்கள். ரப்பர் தொளதொளத்திருந்தால் பம்ப் இழுக்கும் வேகத்தில் சப்பிப்போகும். ஐடிலில் இது தெரியாது. பைபாஸில்தான் வேலையைக் காட்டும். வாட்டர் பம்ப்பில் ஷாஃப்டுக்குக் கீழே ஒரு சின்னத் துளை இருக்கும். அங்கே ஈரமோ வெள்ளைக் கறையோ தெரிந்தால் சீல் போயாயிற்று. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால், அதன் மேல் பொறித்த வெப்பத்தை ஒட்டித் திறக்க வேண்டும். பல வண்டிகளில் 82 டிகிரி. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று கழற்றிப் போடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. எஞ்சின் அரைகுறைச் சூட்டில் ஓடி பெட்ரோல் குடிக்கும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினின் பைபாஸ் குழாய் வழியாகச் சுற்றி, சூடு இன்னும் கூடும்.

திரும்ப நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கட்டும். ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திறந்து, டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள். எல்பிஜி கிட் போட்ட வண்டியில் வேப்பரைசருக்கும் இதே தண்ணீர் போவதால் காற்று அங்கே தங்கும். அந்தக் குழாயையும் தளர்த்திக் காற்றை விடுங்கள்.

மலையில் மட்டும் ஏறினால்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முதல், இரண்டாம் கியரிலேயே கிடக்கும். எஞ்சினுக்கு வேலை அதிகம், முகத்தில் படும் காற்று குறைவு. பாதி அடைத்த ரேடியேட்டர் தரையில் சமாளித்துவிட்டு இங்கே கைவிடும். அது சுத்தமாக இருந்தும் ஏறினால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் பிரேக்தான். வழியில் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஓரங்கட்டுங்கள். ஆவி வந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம்.

ஹெட் கேஸ்கட்

வெளியே ஒழுகாமல் தண்ணீர் குறைகிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது. மூடியைத் திறந்துவைத்து ஓட்டினால் குமிழி நிற்காமல் வருகிறது. இவை சேர்ந்து இருந்தால் கேஸ்கட்தான். எண்ணெய் மூடியில் வெள்ளைப் பசை மட்டும் கண்டு பயந்துவிட வேண்டாம். மழைக்காலத்தில் பக்கத்துக் கடைக்கே ஓடும் வண்டியிலும் அது படியும். டிப்ஸ்டிக்கிலும் எண்ணெய் பால் கலந்த நிறத்தில் வந்தால் ஓட்டாதீர்கள்.

ஹெட்டை இறக்கியாயிற்று என்றால் கேஸ்கட் மட்டும் மாற்றிப் பூட்ட விடாதீர்கள். நேரான பட்டியும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சின்ன எஞ்சின்களில் 0.05 மி.மீ. தாண்டினாலே லேத்தில் ஃபேஸ் அடிக்க வேண்டும். அதற்கும் முன்னால் பிரஷர் டெஸ்ட். விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸ் அடிப்பது தண்டச் செலவு. போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில், கம்பெனி சொன்ன வரிசைப்படி, படிப்படியாக இறுக்க வேண்டும். பட்டறையில் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் வேறு பட்டறை பாருங்கள்.