செய்தியறையே பயிற்சிக் களம்

இதழியல் பயிலும் மாணவருக்கு வகுப்பறை செய்தியின் இலக்கணத்தைக் கற்பிக்கும். அதன் பொறுப்பை உணர்த்துவது செய்தியறையில் பெறும் உள்ளகப் பயிற்சியே ஆகும்.

1904ஆம் ஆண்டு, ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் பாரதியார் உதவியாசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது அவருடைய அன்றாடப் பணியாயிற்று. அப்பணியே அவருக்குப் பயிற்சிக் களமாகவும் அமைந்தது. 1906இல் ‘இந்தியா’ வார இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். பின்னாளில், இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள கடையத்தில் வாழ்ந்த அவர், 1920இல் மீண்டும் சுதேசமித்திரனுக்கே திரும்பினார்.

அன்று இதழ்ப்பணிக்குச் சென்னை செல்ல வேண்டியிருந்தது. இன்று தென்காசி மாணவருக்கு அண்மையிலேயே வாய்ப்புகள் உள்ளன. திருநெல்வேலியில் நாளிதழ்ப் பதிப்புகளும் வானொலி நிலையமும் இயங்குகின்றன. கல்லூரியில் படித்துக்கொண்டே செய்தி திரட்ட, விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் பலருக்கு வழிவகுத்துள்ளது.

வாய்ப்பைப் பெறுவது எவ்வாறு? மதிப்பெண் பட்டியலைவிட, “இதுவரை என்ன எழுதியுள்ளீர்?” என்ற வினாவுக்கான விடையே ஆசிரியரின் கவனத்தை ஈர்க்கும். அவ்விடையைச் சொந்த ஊரிலேயே தேடலாம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியதை அனைவரும் அறிவர். ஆனால், 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது. மலைமேல் பெய்யும் மழை குறித்த எச்சரிக்கை அருவிக்கரையில் நிற்பவரை எவ்வாறு வந்தடைகிறது? கடைக்காரர், காவலர், வனத்துறையினர் ஆகியோரிடம் கேட்டு, அவர்தம் கூற்றுகளை ஒப்பிட்டு எழுதினால் அதுவே சிறந்த செய்திக்கட்டுரை.

இத்தகைய இரண்டு மூன்று கட்டுரைகளை ஒரு பக்க விண்ணப்பத்துடனும் கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்துடனும், விடுமுறைக்கு இரு திங்கள் முன்னரே அனுப்புதல் நலம். விண்ணப்பிக்கும் இதழைத் தொடர்ந்து ஒரு திங்களேனும் படித்திருக்க வேண்டும். பயிற்சிக் காலம், உதவித்தொகை, சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டறிவதில் தயக்கம் வேண்டா. பயிற்சி அளிக்கப் பணம் கேட்போரிடம் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

அருவியில் குளிக்கத் தடை உண்டா, இல்லையா என்னும் ஒருவரிச் செய்தி பிழைபட்டாலும் உயிர் போகலாம். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் தாமே பொறுப்பு என உணரும் நாளில்தான் மாணவர் இதழாளராகிறார்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரின் பொதுப் பாதுகாப்புக் குறை ஒன்றைக் குறித்து மூவரிடம் கேட்டறிந்து, நாளிதழுக்கு ஏற்ற செய்திக்கட்டுரை எழுதுக.