ஸ்டீராய்டு ஊசியை நிறுத்தியபின் உடல் மீள எத்தனை நாள்?

"எத்தனை வாரம் போட்டாயோ, அத்தனை வாரம் ஓய்வு." ஜிம்களில் வாய்வழியாகப் புழங்கும் இந்தக் கணக்குக்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்ததும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களைக் குறைத்துவிடுகிறது. அவற்றின் தூண்டுதல் இல்லாமல் விரைகள் சுருங்குகின்றன. ஊசியை நிறுத்தினாலும் விரைகள் உடனே விழித்துக்கொள்வதில்லை. விந்தணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் பிடிக்கும்.

நெதர்லாந்தின் ஹார்லெம் ஆய்வு, ஸ்டீராய்டு எடுத்த 100 ஆண்களைப் பின்தொடர்ந்தது. ஸ்டீராய்டு எடுக்கும் சுற்று முடிந்து 3 மாதம் ஆகியும் ஐந்தில் ஒருவருக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இயல்பு அளவுக்குத் திரும்பவில்லை. 2016-ல் வெளியான டென்மார்க் ஆய்வு இன்னும் கவலை தருவது: நிறுத்தி 2 ஆண்டு தாண்டியவர்களிடமும் டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு தென்பட்டது.

ஆகவே நாள்காட்டியைவிட ரத்தப் பரிசோதனையே நம்பத்தக்கது. காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஹீமடோகிரிட், கொழுப்பு, கல்லீரல் செயல்பாட்டு அளவுகளைப் பார்க்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுவோர் விந்துப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. என்ன மருந்து, எவ்வளவு நாள் என்பதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. 'மீட்பு மாத்திரை' என்று ஜிம்மில் கைமாறும் தமோக்சிபென் போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் விழுங்குவதும் ஆபத்து.

அறிக்கை இயல்பாக வந்தாலும் அது அடுத்த சுற்றுக்கு அனுமதி அல்ல. நீண்டகாலப் பயன்பாடு இதயத் தசையைப் பலவீனப்படுத்தும். அதை ஹார்மோன் பரிசோதனை காட்டாது, எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் காட்டும்.

நிறுத்திய மாதங்களில் மனச்சோர்வு கடுமையாகலாம். தற்கொலை எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.